சாசனப் படிகளும் அவற்றின் உரிமையும்

கொங்குநாட்டுச் சென்னிமலை, சிரகிரி எனவும் வழங்கப்பெறும் முருகன் திருப்பதியாகும். தேவராய சுவாமிகள் தாம் இயற்றிய கந்தர் சஷ்டி கவசத்தை அம்மலைச் சந்நிதியிலே அரங்கேற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அரங்கேற்றமாவது, ஆசிரியன் தன் நூலை அவையோர் யாவர்க்கும் உரியதாக்குதல். அங்ஙனம் கொடுத்த பின்னரும் நூல் அவன் பெயராலேயே நிலைபெறும். பொன்னைக் கொடுத்தவன் கை வெறுங்கையாம். நூலைக் கொடுத்தவன் கை அங்ஙனமாவதன்று.

ஆயினும், ஏடுகளைப் பிறர்க்குக் காட்டலாகாது என்னும் கொள்கையும் நம்மவரிடைத் தொன்றுதொட்டு உண்டு. தில்லையிலே காப்பிடப்பட்டிருந்த தேவார ஏடுகளைத் திறப்பித்தற்குச் சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்ய வேண்டியதாயிற்று என்றும், திறந்துழிக் கறையான் அரித்தவை போக எஞ்சியனவே கிடைத்தன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். வைத்தவர் வந்தாலன்றித் தாரோம் என்றது உரிமை பேணிய சொல்லே, காத்தோரைப் பழித்தற்கில்லை. ஆனால் கறையான் அவ்வுரிமையை மதித்திலது.

1955-இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. என். ஆர். பட் முதலிய பண்டிதர்கள் சைவாகமச் சுவடிகளைச் சிவாசாரியர் மனைகளிலே தேடினர். கொடுக்க இசைந்தோரிடம் ஏட்டையே பெற்றனர். ஏனைய இடங்களில் ஏடு உரியவரிடமே இருக்க, அதனைக் காகிதத்திற் பெயர்த்தெழுதிக்கொண்டனர். புதுச்சேரிச் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே இடம்பெற்றன.

அந்நிறுவனத்தார் கோயில்களிலே எடுத்து வைத்த நிழற்படங்களின் பயன் பின்னரே புலனாயிற்று. கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலினின்றும் நடராசப் பெருமான் திருமேனி 1982-இல் களவு போயிற்று. ஆஸ்திரேலிய நாட்டு அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்திலே அஃதிருத்தல் தெரியவந்தபோது, 1958-இல் எடுத்த படமே சான்றாய் நின்றது. 2019-இல் பெருமான் தம் ஊர்க்கு மீண்டெழுந்தருளினார். அப்படத்தை ஒருவர்க்கும் காட்டாது பூட்டியிருந்தால் அவ்வழக்கு யாதாயிருக்கும்!

இனிக் கொங்குநாட்டின் நிலையை நோக்குவோம். தேவாரம் பெற்ற கொங்குத் தலங்கள் ஏழனுள் திருப்பாண்டிக்கொடுமுடியும் அவிநாசியும் சென்னிமலையினின்றும் பெருந்தொலைவில் உள்ளன அல்ல. அத்தகைய தலங்களின் கற்சாசனங்களை அரசாங்கச் சாசனத் துறையார் படியெடுத்துள்ளனர். கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களிலே தாள் படியுமாறு தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றி எடுப்பது அம்முறை. எழுத்து வெண்மையாகவும் சூழிடம் கருமையாகவும் தோன்றும். அப்படிகள் உதகமண்டலத்தில் இருந்து, 1966-இல் அலுவலகத்தோடு மைசூர் சென்றன. ஆண்டறிக்கைகளிலே பல சாசனங்களின் சுருக்கமே காணப்படும். முழுவாசகம் அச்சேறாதன இன்னும் பல.

இஃது ஏட்டுப் பூசல் மாத்திரமன்று. திருப்பணி என்னும் பெயரால் சுவர்களிலே மணலை வீச்சாகப் பாய்ச்சித் துலக்கியமையால் எழுத்துத் தேய்ந்த கோயில்கள் தமிழ்நாட்டிலே பல. அங்கெல்லாம் நிவந்தம் கொடுத்தவன் பெயர்க்கும், விளக்கெரிக்க விட்ட நிலத்தின் எல்லைக்கும், எங்கோ இருக்கும் அந்த மைத்தாளே எஞ்சிய சாட்சி. தாளும் ஈரத்திற்கும் பூச்சிக்கும் அஞ்சுவதே.

தமிழ்ச் சாசனப் படிகளைச் சென்னைக்குக் கொணர்தல் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. பின்னர் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. மகிழத்தக்கதே. எனினும் சென்னிமலையில் நின்று அளப்பார்க்குச் சென்னையினும் மைசூரே அணித்து! ஆதலின் கொங்குநாட்டு அடியார்க்குப் பெட்டி இடம் மாறுதல் ஒன்றே போதியதாகாது. கொடுமுடிக் கல்லின் படியொன்று கொடுமுடிக் கோயிலிலும், அவிநாசிக் கல்லின் படியொன்று அவிநாசியிலும், வாசகத்தோடு, வேண்டுவார் காணுமாறு இருத்தல் வேண்டும். மைப்படி அரிதெனின் ஒளிப்படியேனும் ஆகுக.