உட்ஹெட் குகையும் முப்பத்திரண்டு உயிரும்

இங்கிலாந்துக்கு வர்ற நம்ம ஆளுங்க லண்டன் பாலத்தைப் பார்ப்பாங்க, அரண்மனை வாசல்ல நின்னு போட்டோ எடுப்பாங்க. மூடிக்கிடக்கிற ரயில் குகையைப் பார்க்க யார் போறா? நான் போனேன். பழைய ரயில் பாதைன்னா எனக்கு அப்படியொரு பைத்தியம்.

மான்செஸ்டரிலிருந்து ஹாட்ஃபீல்ட் வரை ரயில் உண்டு. அதற்கப்புறம் நடராஜா சர்வீஸ்தான். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஏரிகளை ஒட்டியே சுமார் 10 கிலோமீட்டர் நடந்தால் உட்ஹெட். அங்கே மலையடியில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று குகை வாய்கள். மூன்றுக்கும் கதவு போட்டுப் பூட்டியாச்சு. உள்ளே விடமாட்டார்கள்.

முதல் குகை 1845 டிசம்பரில் திறக்கப்பட்டது. நீளம் கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். மலை உச்சியிலிருந்து ஐந்து கிணறுகள் இறக்கி, அடியிலிருந்து இருபக்கமும் குடைந்துகொண்டே போனார்கள். எல்லாம் கையும் கடப்பாரையும் வெடிமருந்தும்தான். சுமார் 1,500 பேர் மழையிலும் குளிரிலும் மலைமேல் குடிசை போட்டுக் கிடந்தார்கள். வாராவாரம் கூலி கிடையாது, பல வாரத்துக்கு ஒருதரம்தான். அதுவரைக்கும் காண்ட்ராக்டர் கடையில் கடன், அதுவும் கூடுதல் விலைக்கு. நம்ம ஊர்ல பார்க்காத கதையா என்ன!

பாறையில் துளை போட்டு, மருந்தை நிரப்பி, மேலே களிமண்ணை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். இரும்புக் கம்பி பாறையில் உரசினால் தீப்பொறி பறக்கும், இடிக்கிற ஆள் அங்கேயே காலி. செம்புக் கம்பியில் அந்த ஆபத்து குறைவு. பாதுகாப்பான வெடித்திரிக்கு 1831-லேயே காப்புரிமை வாங்கியாச்சு. ஆனாலும் இங்கே அதைப் பயன்படுத்தவில்லை.

ஏன்? 1846-ல் பாராளுமன்றக் குழு இதைத்தான் கேட்டது. வேலையை மேற்பார்த்த உதவி எஞ்சினியர் வெலிங்டன் பர்டன் சொன்ன பதிலின் சாரம்: அந்தத் திரி பாதுகாப்பானதாக இருக்கலாம், ஆனால் நேரம் ரொம்ப வீணாகும், சில உயிர்களுக்காக அவ்வளவு நேரத்தை இழக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனைக்கும் அவர் எதையும் ஒளிக்கவில்லை. கணக்கைத்தான் சொன்னார்.

மறுபக்கக் கணக்கைப் போட்டவர் எட்வின் சாட்விக். இறந்தவர்கள் 32 பேர், படுகாயம் 140 பேர். விகிதம் பார்த்தால் வாட்டர்லூ போரில் பட்ட அடியைவிட அதிகம் என்றார் மனுஷன். விபத்துக்குக் கம்பெனிதான் பொறுப்பேற்க வேண்டும் என்று குழுவும் பரிந்துரைத்தது. அரசு அதை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டது.

பக்கத்திலேயே இரண்டாவது குகை தோண்டும்போது, 1849-ல், காலரா வந்து 28 பேர் போனார்கள். அருகிலுள்ள சின்னத் தேவாலயத்தின் கல்லறையில் சிலரைப் புதைத்தார்களாம். 1954-ல் மின்சார ரயிலுக்காக மூன்றாவது குகை திறந்தார்கள். பழைய இரண்டும் அப்போதே ஓய்வு. புதுசுக்கும் ஆயுசு கெட்டியில்லை. 1970-ல் பயணிகள் ரயில் நின்றது, 1981-ல் சரக்கு ரயிலும். இன்றைக்கு அதற்குள் ஓடுவது உயர் அழுத்த மின்கேபிள்.

வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் வந்தது 1897-ல். குழு சொல்லி 51 வருஷம் கழித்து. வெடித்திரியால் வீணாகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தவர்கள், இந்த 51 வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதினார்களோ!