சிர்கோனியா: சூளை மாறிய கதை

நம்ம கோவை பவுண்ட்ரிக்காரங்களுக்கு சிர்கான் மணல் புதுசில்லை. மணவாளக்குறிச்சி கடற்கரையில் அள்ளுவது. அதே கனிமத்திலிருந்து வருவதுதான் இப்போ பல் டாக்டர்கள் சொல்ற சிர்கோனியா கேப்.

1975-ல் ஆஸ்திரேலியாவில் கார்வி குழு இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'பீங்கான் எஃகு?' என்றே தலைப்பு. விரிசல் விழுந்தா, அங்கிருக்கும் படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் உப்பி, விரிசலை நெருக்கிப் பிடிச்சுக்கும். ஆனா அதே மாற்றம், ஈரம் பட்டா, விரிசல் இல்லாமலே மேல்பரப்பில் மெதுவா ஆரம்பிச்சுடும். சிர்கோனியாவுக்கு முதுமை வர்றது இப்படித்தான். 1981-ல் ஜப்பானில் கோபயாஷி குழு இதைக் கண்டு சொன்னது.

யாரும் பெரிசா எடுத்துக்கலை, 2001 வரை. அந்த வருஷம் பிரான்சின் 'ப்ரோசிர்' இடுப்பு மூட்டுப் பந்துகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் உடைஞ்சுது. 1998-ல் தனித்தனித் தொகுதியா சுடும் சூளையை விட்டு, தொடர்ந்து ஓடும் சுரங்கச் சூளைக்கு மாறியிருந்தாங்க. உற்பத்தி வேகத்துக்காகச் செய்த மாற்றம், பொருளின் ஆயுளையே தின்னுடுச்சு.

கேப் சின்னது, உடைஞ்சா மாத்திக்கலாம். ஆனா வாயில் ஈரம் எப்பவும் உண்டு. லேபில் 1500 டிகிரி வாக்கில் சுடும்போது அவசரப்பட்டாலோ, மாட்டிய பிறகு தேய்த்துவிட்டு மெருகேற்றாம விட்டாலோ வம்புதான். என்னைக் கேட்டா, வாரண்டி கார்டைப் பார்க்கும் முன்னாடி, எப்படிச் சுட்டாங்கன்னு கேளுங்க.