கராத்தேக்குத் துணையான பிடிச்சண்டைக் கலைகள்

கராத்தே, குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட தற்காப்புக் கலை ஆகும். எதிராளி நெருங்கிப் பற்றிக்கொண்டாலோ, தரையில் வீழ்த்திவிட்டாலோ அதன் அடிகளின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். இதனை ஈடுசெய்யக் கராத்தே பயில்வோர் சிலர் பிடிச்சண்டைக் கலையொன்றையும் கற்கின்றனர்.

இவ்விணைப்பு புதியதன்று. 1882 இல் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ, 1922 இல் புனாகோஷி கிச்சினைத் தமது கோடோகன் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்டச் செய்தார். ஜுஜுத்சு கற்றிருந்த ஓட்சுகா ஹிரோனோரி, அதனைக் கராத்தேயுடன் இணைத்து வாடோ-ரியூ என்னும் பிரிவை உருவாக்கினார்.

நின்ற நிலையில் பற்றுதல், எறிதல், அடிபடாமல் விழுதல் ஆகியவற்றுக்கு ஜூடோ ஏற்றது. கராத்தே கற்றவருக்கு முதலில் வேண்டியது இதுவே எனலாம். ஆயினும் ஜூடோப் போட்டிகளில் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவது 2010 முதல் கட்டுப்படுத்தப்பட்டதால், அத்தகைய தாக்குதலை எதிர்கொள்ள மற்போர்ப் பயிற்சியே கூடுதலாக உதவும். கராத்தேயின் அகன்ற நிற்புநிலையில் முன்கால் எளிதில் பிடிபடும் என்பதால் இது சிறிய செய்தியன்று. தரைச்சண்டையில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு மிக விரிவானது. ஷோட்டோகான் கராத்தே, பிரேசிலிய ஜியு-ஜிட்சு இரண்டிலும் கறுப்புப் பட்டை பெற்ற லியோட்டோ மச்சிடா, 2009 இல் யூ.எஃப்.சி. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் இலகு கனவெடைப் பட்டத்தை வென்றார்.