மச்சின்சாங் மலையின் வயது

லங்காவித் தீவில் மலாய் மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு. மாட் ராயா, மாட் சின்சாங் என்று இரண்டு பூதங்கள் இருந்தனவாம். இரு குடும்பத்துக்கும் நடக்கவிருந்த திருமணம் பெருஞ்சண்டையில் முடிந்தது. பானை சட்டிகள் பறந்தன. பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா ஆயிற்று. குழம்பு கொட்டிய இடம் குவா. வெந்நீர் சிந்திய இடம் ஆயர் ஹங்காட். சண்டையிட்ட இருவரும் முடிவில் இரண்டு மலைகளாக நின்றுவிட்டனர். அவற்றுள் ஒன்றான மச்சின்சாங் மலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஏன் இந்த மலை? நம் வகுப்பில் ஒரு நாள் சிறுவன் ஒருவன் முகம் வாடி வந்தான். கடைத்தெருவில் யாரோ அவனைப் பார்த்து, "நீங்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே" என்று சொல்லிவிட்டாராம். "ஐயா, இந்த நாட்டில் ஆக முதலில் இருந்தது யார்?" என்று கேட்டான். மனிதர்களைப் பற்றிய விடையை வரலாற்று நூல்களில் தேடலாம். ஆனால், மண்ணைப் பற்றிய விடை மச்சின்சாங்கில் இருக்கிறது. மலேசியாவில் அறியப்பட்ட பாறைகளுள் மிகப் பழமையானவை அங்கேதான் உள்ளன.

அந்தப் பாறை எப்படி உண்டானது? தோட்டத்தில் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் வடிகாலைப் பாருங்கள். வேகமாக ஓடிய நீர் பருமணலைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். நீர் தேங்கிய இடத்தில் மெல்லிய சேறு படிந்திருக்கும். அடுத்த மழைக்கு அதன்மேல் இன்னொரு படிவு சேரும். இதுவே ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் பல இலட்சம் ஆண்டுகள் நடந்தால் என்ன ஆகும்? மேலே சேர்ந்த பாரம் கீழுள்ளதை அழுத்தும். மணல் மணற்கல்லாகும், சேறு களிப்பாறையாகும். மச்சின்சாங்கின் பாறைகள் இப்படி அடுக்கடுக்காகப் படிந்தவை. பின்னாளில் பூமியின் அசைவால் மடிந்தும் சாய்ந்தும் உயர்ந்து, இன்று கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன.

அவற்றின் வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள். அந்த மணல் படிந்த காலத்தில் நிலத்தில் ஒரு மரம் இல்லை, புல்லும் இல்லை. உயிர்கள் பெரும்பாலும் கடலிலேயே வாழ்ந்தன. இக்காலத்துக்குக் கேம்பிரியன் என்று பெயர் சூட்டியவர் ஆதம் செட்ஜ்விக் என்ற ஆங்கிலேய அறிஞர், ஆண்டு 1835. வேல்ஸ் நாட்டின் பழம்பெயரான கேம்பிரியாவிலிருந்து அப்பெயரை எடுத்தார்.

வயதை எப்படிக் கண்டார்கள்? லங்காவிக்கு வடக்கே, தாய்லாந்துக்குரிய தாருத்தாவ் தீவு இருக்கிறது. இதே மணற்கல் வரிசை அங்கும் தொடர்கிறது. அங்கே கிடைத்த புதைபடிவங்களை ஜப்பானியப் பேராசிரியர் தெய்இச்சி கொபயாஷி ஆராய்ந்தார். டிரைலோபைட் என்னும், உடல் மூன்று மடலாகப் பிரிந்த கடற்பூச்சிகளின் சுவடுகள் அவை. கேம்பிரியன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று அவர் எழுதி வெளியிட்டது 1957ஆம் ஆண்டில். நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டு!

இனிமேல்தான் வியப்பு. அந்தப் படிவங்களுக்கு உறவானவை ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. லங்காவியின் சிங்கா தீவுகளில், மச்சின்சாங்கைவிட இளைய சேற்றுப்பாறைகள் இருக்கின்றன. அந்த மென்மையான படிவின் நடுவே தனித்தனியாகக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. மெல்லிய சேறு படியும் அமைதியான நீருக்குக் கல்லைச் சுமந்து வரும் வலு ஏது? மிதந்து வந்த பனிக்கட்டிகள் உருகியபோது, அவற்றில் சிக்கியிருந்த கற்கள் கடலடியில் விழுந்திருக்கின்றன. வெயில் கொளுத்தும் லங்காவியில் பனிக்கட்டியா என்று கேட்பீர்கள். அன்று லங்காவி இங்கே இல்லை என்பதே விடை.

அக்காலத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, அண்டார்ட்டிகா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயர்தான் அது. மச்சின்சாங்கின் மணல் படிந்தது அந்தப் பெருநிலத்தின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பக்கத்தில். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து ஒரு நீண்ட நிலத்துண்டு பிரிந்து வடக்கே நகரத் தொடங்கியது. நம் மேற்குக் கரை மாநிலங்களின் நிலம் அத்துண்டைச் சேர்ந்தது. பல கோடி ஆண்டுகள் நகர்ந்து, தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியோடு அது மோதி இணைந்தது. இணைந்த தழும்பு இன்றும் பெந்தோங், ராவூப் வட்டாரத்தின் வழியே நீள்கிறது. அந்த மோதலால் பூமிக்கடியில் உருகிய குழம்பே இறுகித் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லாயிற்று. அதனோடு ஈயமும் பிறந்தது. கதையில் மச்சின்சாங்கோடு சண்டையிட்ட ராயா மலையும் அக்காலத்துக் கருங்கல்தான். மச்சின்சாங்கின் பாதி வயதுகூட அதற்கு இல்லை.

2007ஆம் ஆண்டில் உலகப் புவிப்பூங்கா என்ற சிறப்பு லங்காவிக்குக் கிடைத்தது. தென்கிழக்காசியாவில் அதனைப் பெற்ற முதல் இடம் அதுவே. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகும் பிள்ளைகள் பாசிர் தெங்கோராக் கடற்கரையில் சற்று நின்று, மணற்கல்லின் அடுக்குகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தச் சிறுவனுக்கு நாம் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறோம். "தம்பி, இந்த நாட்டின் ஆக மூத்த கல்லும் வெகுதூரத்திலிருந்து வந்ததுதான். வந்த கல் இங்கேயே நிலைத்தது. இந்த மண்ணாகவே ஆகிவிட்டது. இன்று அதை யாரும் வந்த கல் என்று சொல்வதில்லை." அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, "அந்தக் கல்லைப் பார்க்கப் போகலாமா, ஐயா?" என்று கேட்டான்.