குறி கேட்பவரும் குறியின் பொருளும்: சீனத்தின் ‘மாற்றங்களின் நூல்’ வழங்கிய வரலாறு

சீனத்தில் ஷாங் அரசர்கள் ஆமையோட்டையும் மாட்டின் தோள்பட்டை எலும்பையும் சூடேற்றி, அதில் எழும் வெடிப்புகளைக் கொண்டு குறி பார்த்தனர். மழை, போர், அறுவடை, அரசியின் பேறுகாலம் என எதைப் பற்றிய கேள்வியானாலும், அது அரசின் கேள்வியாகவே இருந்தது. அடுத்து வந்த சௌ ஆட்சியில், உலர்ந்த செடித்தண்டுகளை எண்ணிக் குறி பார்ப்பதற்கான வாசகங்கள் ‘சௌ யீ’ எனத் தொகுக்கப்பட்டன. முழுக்கோடும் உடைந்த கோடும் ஆறு அடுக்குகளாக அமைந்து 64 குறிகள் பிறக்கின்றன. ஒவ்வொரு குறிக்கும் அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வாசகம் உண்டு. பின்னாளில் சேர்ந்த விளக்கவுரைகளுடன் இதுவே ‘யீ ஜிங்’, அதாவது ‘மாற்றங்களின் நூல்’ ஆயிற்று. இந்நூலை அணுகிய முறைகளின் வரலாறு, குறி கேட்பவரின் தகுதியும் மனநிலையும் குறியின் பொருளுக்குள் நுழைந்த வரலாறாகும்.

அரசவை நிமித்திகரும் மூ ஜியாங்கும்

‘ஜுவோ ஜுவான்’ என்னும் பழைய வரலாற்று நூலில் இத்தகைய குறிகேட்புகள் பல பதிவாகியுள்ளன. லூ நாட்டு அரசமாதா மூ ஜியாங், ஆட்சிக் குடும்பங்களுக்கு எதிரான சூழ்ச்சியில் பங்கேற்றதால் கீழை அரண்மனையில் அடைக்கப்பட்டார். அங்கே அவருக்காகப் பார்த்த குறி ‘பின்தொடர்தல்’ என அமைந்தது. விரைவில் விடுதலை கிடைக்கும் என்றார் நிமித்திகர். மூ ஜியாங் அதை ஏற்கவில்லை. அந்த நல்வாக்கு நான்கு நற்பண்புகள் உடையவருக்கே பலிக்கும், கலகத்துக்குத் துணைநின்ற தமக்குப் பலிக்காது என்று கூறினார். அவர் அங்கேயே இறந்த செய்தி கி.மு. 564ஆம் ஆண்டின் கீழ் வருகிறது. கி.மு. 530இல் கலகத்துக்குத் திட்டமிட்ட நான் குவாய் என்பவருக்கும் மிக நல்ல வாசகமே வந்தது. நேர்மையான செயலுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று எச்சரிக்கப்பட்டார். கலகம் தோற்றது, அவர் அயல்நாட்டுக்குத் தப்பியோடினார். ஒரே வாசகம் ஆளுக்கேற்பப் பொருள் மாறும் என்ற கருத்து இவ்விரு நிகழ்வுகளிலும் தெளிவாகத் தெரிகிறது.

தண்டும் காசும்

எண்ணும் முறையை ‘பெருவிளக்கம்’ என்னும் பழைய உரை சுருக்கமாகச் சொல்கிறது. 50 தண்டுகளில் ஒன்றை ஒதுக்கி, 49ஐ இரண்டு கூறாகப் பிரிக்க வேண்டும். ஒரு கூறிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரலிடுக்கில் வைத்து, இரு கூறுகளையும் நான்கு நான்காக எண்ணி, மிச்சத்தை நீக்க வேண்டும். இப்படி மூன்று சுற்று செய்தபின் எஞ்சும் தண்டுகளை நான்கால் வகுத்தால் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஓர் எண் கிடைக்கும். அதுவே ஒரு கோடு. ஆறு கோடுகளுக்கும் 18 சுற்றுகள். 6, 9 ஆகிய எண்கள் வந்தால் கோடு தன் எதிரிணையாக மாறி, இரண்டாவது குறி பிறக்கும்.

பிற்காலத்தில் மூன்று காசுகளை ஆறுமுறை வீசும் வழக்கம் பரவியது. அரைமணி நேரக் காரியம் சில நிமிடங்களில் முடிந்தது. கடைத்தெரு நிமித்திகருக்கும் எளியோருக்கும் நூல் எட்டியது. கணக்கு மட்டும் மாறிவிட்டது. தண்டு முறையில் 6 வரும் வாய்ப்பு 16இல் 1, 9 வரும் வாய்ப்பு 16இல் 3. காசு முறையிலோ இரண்டுக்கும் 16இல் 2.

ஜூ ஷியின் சடங்கு

சொங் ஆட்சிக் காலத்தில் செங் யீ (1033–1107) இந்நூலை அறநூலாகவே விளக்கினார். அரசன், அமைச்சன், மாணவன் என ஒவ்வொருவருக்கும் அதில் தத்தமக்குரிய பயன் உண்டு என்றார். ஜூ ஷி (1130–1200) நூலின் மூலப்பயன் குறிகேட்பதே என்று வலியுறுத்தி, தனிமனிதர் தாமே கேட்பதற்கு ஒழுங்கு வகுத்தார். தூய அறை, தெற்கு நோக்கிய வாயில், நறும்புகை, தன் பெயரையும் ஐயத்தையும் வெளிப்படச் சொல்லுதல் ஆகியவை அதில் அடங்கும். எத்தனை கோடுகள் மாறினால் எந்த வாசகத்தைப் படிப்பது என்பதற்கும் விதி தந்தார். அவரே அதன்படி நடந்தார். ஆட்சியதிகாரம் பெற்றிருந்தவர்களைக் கண்டித்து 1195இல் அவர் ஒரு விண்ணப்பம் எழுதியபோது, ஆபத்தை அஞ்சிய மாணவர்கள் தடுத்தனர். குறி கேட்டதில் ‘பின்வாங்குதல்’ வந்தது. வரைவை எரித்துவிட்டு, பின்வாங்கிய முதியவர் என்று பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டார்.

மேலை நாடுகளில்

ஜெர்மானிய மறைப்பணியாளர் ரிச்சர்ட் வில்ஹெல்ம், சீனத்தின் சிங்தாவ் நகரில் அறிஞர் லாவ் நாய்ஷுவானிடம் பாடம் கேட்டு, 1924இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதன் ஆங்கில வடிவம் 1950இல் வந்தபோது, உளவியலாளர் கார்ல் யுங் அதற்கு முன்னுரை எழுதினார். அம்முன்னுரைக்காக அவர் நூலையே ஓர் ஆளாகக் கருதிக் கேள்வி கேட்டார். ‘கொப்பரை’ என்னும் 50ஆம் குறி விடையாக வந்தது. காசு விழும் கணமும் கேட்பவரின் உள்ளநிலையும் காரணகாரியத் தொடர்பின்றியே பொருளால் இணைகின்றன என்பது யுங்கின் விளக்கம். எதிர்காலத்தை முன்னறிவதைவிடத் தன் அகத்தை அறிவதே அவருக்கு முதன்மையாயிற்று.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இதற்கு நேரெதிராகச் சென்றார். 1951இல் ‘மாற்றங்களின் இசை’ என்ற பியானோ படைப்பில், ஒலியையும் நீளத்தையும் அழுத்தத்தையும் காசு வீசி முடிவுசெய்தார். சொந்த விருப்புவெறுப்பு இசைக்குள் புகாமல் தடுப்பதே அவர் நோக்கம். வாசகங்களின் அறிவுரையை அவர் நாடவில்லை. மூ ஜியாங் குறிக்குள் தம்மை வைத்துப் படித்தார். கேஜ் தம்மை விலக்கவே குறியை நாடினார். இரண்டிலும் பதிலின் பொருளை முடிவுசெய்தது கேட்பவர் தம்மை எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதுதான்.