குரூஸ் கண்ட்ரோல்: வசதியாக மாறிய ஓர் எச்சரிக்கை

பெங்களூரு மர்பி டவுனை அடுத்துள்ள பழைய மெட்ராஸ் சாலையில் காரும் லாரியும் அருகருகே செல்கின்றன. புதிய கார்கள் பலவற்றின் ஸ்டீயரிங்கில் குரூஸ் கண்ட்ரோல் பொத்தான் உண்டு. லாரியில் ஸ்பீடு கவர்னர் உண்டு. முன்னது ஓட்டுநர் விரும்பிய வேகத்தை நிலைநிறுத்துகிறது. பின்னது அவர் விரும்பினாலும் வரம்பை மீற விடுவதில்லை. ஒன்று சொகுசு, மற்றொன்று கட்டுப்பாடு என்பதே பொதுக் கருத்து. வரலாற்றிலோ இவை ஒரே வேரின் இரு கிளைகள்.

அந்த வேர், ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் பொருத்திய கவர்னர். எந்திரம் விரைந்தால் அதன் சுழலும் இரு உருண்டைகளும் விலகி உயர்ந்து நீராவியின் வழியைக் குறுக்கும். வேகம் தளர்ந்தால் தாழ்ந்து வழியை விரிக்கும். இதன் கணிதத்தை மேக்ஸ்வெல் 1868இல் ஆராய்ந்தார். நார்பர்ட் வீனர் தம் புதிய துறைக்கு 1948இல் 'சைபர்னெட்டிக்ஸ்' எனப் பெயரிட்டபோது அக்கட்டுரையை நினைவுகூர்ந்தார். சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கும் கவர்னர் என்ற சொல்லுக்கும் மூலம். தமிழ் இங்கே ஒரு பிரிவினை செய்துள்ளது: ஆட்சித்துறையின் கவர்னர் ஆளுநர் ஆனார்; பட்டறையின் கவர்னர் கவர்னராகவே நின்றது.

இக்கோட்பாட்டிலிருந்து காருக்கான கருவியை உருவாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தால் பார்வையிழந்தவர். பின்னர்ப் பொறியியல் பட்டம் பெற்றவர். அவருடைய வழக்கறிஞர் பேசும்போது காரின் வேகத்தைத் தளர்த்தி, கேட்கும்போது கூட்டுவாராம். உடன் பயணித்த டீட்டருக்கு அந்தக் குலுக்கலிலிருந்தே எண்ணம் பிறந்தது என்பர். 1950இல் காப்புரிமை கிடைத்தது.

டீட்டரின் தொடக்கக் கருவி காரைத் தானே ஓட்டவில்லை. குறித்த வேகத்தை எட்டியதும் ஆக்சிலரேட்டர் மிதி ஓட்டுநரின் பாதத்தை எதிர்த்துத் தள்ளியது, அவ்வளவே. கண் காணாத ஒருவர், வேகத்தைப் பாதத்தால் உணரச் செய்தார். வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பூட்டு பின்னரே சேர்ந்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனம் அதனை 'ஆட்டோ பைலட்' என விற்றது. 'குரூஸ் கண்ட்ரோல்' என்பது கேடிலாக் அளித்த பெயர். எச்சரிக்கை வசதியாக மாறிய கதை இதுவே.

இந்தியாவில் மற்றக் கிளை சட்டமாயிற்று. 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் போக்குவரத்து வாகனங்களுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிப் பேருந்து, டேங்கர் போன்றவற்றுக்கு வரம்பு 60.

இரு கருவிகளின் வேறுபாடு தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. வேகத்தைக் குறிப்பவர் யார் என்பதிலும் உள்ளது. கார் ஓட்டுபவர் தம் வேகத்தைத் தாமே குறிக்கிறார். கூலிக்கு லாரி ஓட்டுபவருக்கு அதனை வேறொருவர் முன்பே குறித்துவிட்டார். சாலைப் பாதுகாப்பு இதனை நியாயப்படுத்தலாம். ஆனால் எதிரே வரும் காரின் வேகமும் உயிரைப் பறிக்கும். டீட்டரின் மிதி முதலில் எதிர்த்துத் தள்ளியது கார் ஓட்டுநரின் பாதத்தைத்தான்.