றேஞ்ச் றோவர்: ஒரு வண்டியின் இளமையும் முதுமையும்

சேற்றிலே ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டியொன்று மாளிகை வாசலிலே நிற்கும் வண்டியாக மாறிய வரலாறு விந்தையானது. அதனினும் விந்தை, அவ்வண்டி முதுமையடைந்தபின் அதை வைத்துக் காப்போர் படும் பாடு. ஆங்கிலேயர் செய்த றேஞ்ச் றோவர் வண்டியே இங்குக் கூறப்படுவது.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிற்று. விமானங்களுக்குப் பயன்பட்ட அலுமினியக் கலப்புலோகமோ தாராளமாகக் கிடைத்தது. சொலிஹல் நகரிலிருந்த றோவர் கம்பனியின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், ஆங்கில்சித் தீவிலுள்ள தமது நிலத்தில் படையினர் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் வண்டியொன்றை ஓட்டி வந்தார். அதற்கு ஒப்பான வண்டியொன்றை அலுமினியத் தகட்டினால் செய்தாலென்ன என்ற எண்ணத்தின் விளைவே லாண்ட் றோவர். 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் அது அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உழவர் அதை விரும்பினர்; ஆனால் நெடுந்தூரம் ஓட்டினாற் முதுகு நொந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் ஓடவல்ல அதே வண்டி, நல்ல வீதியிலும் விரைவாகவும் மெதுவாகவும் செல்ல வேண்டும் என்ற விருப்பம் அன்றே எழுந்தது.

அவ்விருப்பத்தை நிறைவேற்றியவர் வில்க்ஸின் மருகரான ஸ்பென் கிங். அவரும் கோர்டன் பாஷ்போர்டும் பழைய வில்தகடுகளைக் கைவிட்டு, நீண்டு சுருங்கும் சுருள்விற்களை அமைத்தனர். நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் வலு எந்நேரமும் சென்றது. நான்கிலும் வட்டத் தகட்டு பிறேக்குகள் பொருத்தப்பட்டன. இயந்திரமோ அமெரிக்காவில் பிறந்தது. பியூக் கார்களுக்காக வார்க்கப்பட்டுப் பின் அங்கே கைவிடப்பட்ட எட்டுச் சிலிண்டர் அலுமினிய இயந்திரத்தின் உரிமையை 1965இல் றோவர் கம்பனி வாங்கியிருந்தது. 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வண்டி வெளிவந்தபோது விலை 1,998 பவுண். கதவுகள் இரண்டு, ஆசனங்கள் பிளாஸ்ரிக் உறையிட்டவை, தரையோ றப்பர் விரிப்பு. சேறு படிந்தால் நீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்பதே கருத்து. அழகுக்கென்று வகுக்கப்படாத அந்த உருவத்தைப் பின்னர் பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையிலே காட்சிக்கு வைத்தார்கள்!

வண்டியின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே வெளிப்பட்டது டேரியன் காட்டிலேதான். 1971ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியப் படையினரின் பயணக்குழுவொன்று இரண்டு றேஞ்ச் றோவர்களுடன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டது. தென் அமெரிக்காவின் தென்கோடியை அடைவதே நோக்கம். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே பாதையற்ற சதுப்புக்காடு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கிடந்தது. ஜோன் பிளாஷ்போர்ட் ஸ்னெல் தலைமையில் அதைக் கடக்க 99 நாட்கள் சென்றன. அளவுக்கு மீறிய பாரமும் சேற்றுக்கென மாட்டிய பெருஞ்சில்லுகளும் சேர்ந்து, அச்சிலுள்ள பற்சக்கரத் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாய் உடைத்தன. புதிய உறுப்புகள் வந்து சேரும்வரை வண்டிகள் காட்டிலேயே கிடந்தன. ஈற்றில் இரண்டும் 1972இல் தென்கோடியை அடைந்தன. உடைந்தவை இன்னவென்று விளம்பரங்கள் சொல்லவில்லை. வண்டி திருத்துவோர் அறிந்துகொண்டனர்.

இதன்பின் செல்வர் வந்தனர். 1981இல் நான்கு கதவுகள், 1982இல் தானியங்கிக் கியர், பின்னர்த் தோலாசனம், மரப்பலகை அலங்காரம், மின்சாரத்தால் நகரும் இருக்கை என்று ஆண்டுதோறும் ஒன்று கூடியது. நாகரிக உடைகளைக் காட்டும் 'வோக்' சஞ்சிகையின் பெயரே வண்டிக்கும் சூட்டப்பட்டது. 1992இல் நீண்ட உடலுடைய வகைக்குச் சுருள்வில்லை நீக்கிக் காற்றடைத்த றப்பர்ப் பைகளைக் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதற்காகவா இதைச் செய்தோம் என்ற மனக்கசப்பை, 2010இல் மறைந்த ஸ்பென் கிங் தம் முதுமையில் மறைக்காது வெளியிட்டார். முதல் வகை வண்டியின் உற்பத்தி 1996இல் நின்றது. அதுவரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன.

இனி முதுமையைப் பார்ப்போம். பழைய றேஞ்ச் றோவரை விற்பவர் முதலிற் சொல்வது, 'இது அலுமினியம், கறள் பிடியாது' என்பதே. அது பாதி உண்மை. வெளித்தகடுகளிற் பெரும்பாலானவை அலுமினியம். அவற்றைத் தாங்கி நிற்கும் உட்சட்டமும் பின்கதவும் உருக்கு. ஈரம் உட்புகுந்தால் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் மின்வினை நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாய் உதிரும்; உருக்கு உள்ளிருந்தே கரையும். கதவடிச் சட்டம், பின்தரை, இருக்கைப்பட்டி பூட்டிய இடம் ஆகியவை வெளிப்பூச்சு மினுங்கும்போதே அழிந்திருக்கும். ஆகவே அறிந்தவர் வர்ணத்தைப் பாராது விரிப்பைத் தூக்கிப் பார்ப்பர்.

இயந்திரத்தின் குறை நீரிலே உள்ளது. அலுமினியத்தை அரியாத மருந்து கலந்த நீரையே றேடியேற்றரில் விடவேண்டும். வெறும் நீரை ஊற்றி ஓட்டினால் உள்வழிகள் படிவினால் அடைபட்டு, இயந்திரம் கொதித்து, சிலிண்டர்த் தலையின் கீழுள்ள தகடு விட்டுப்போகும். எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடின் வால்வுகளை இயக்கும் தண்டு தேயும். தேய்மானம் மெல்ல வருவதால் வண்டி வலுவிழந்ததை உடையவரே உணரார். முன்சில்லுகளின் உட்புறத்திலே எண்ணெய் வடிகிறதா என்பதையும் காணவேண்டும். சில்லுத் திரும்பும் உருண்டையின் மேற்பூச்சு குழிவிழுந்தால், புதிதாய் மாட்டிய எண்ணெய்த் தடையும் சில மாதங்களிற் கிழியும். கியர் விழும்போது கேட்கும் 'டொக்' என்ற ஒலியையோ பலர் வண்டியின் இயல்பென்றே ஏற்றுக்கொண்டனர். இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெற்றோற் செலவு. ஒரு லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினாலே மகிழ்ச்சி.

எனினும் இவை யாவும் சாவியும் சுத்தியலும் கொண்டு திருத்தக்கவை. செல்வருக்கென்று பின்னர்ச் சேர்த்தவையே உண்மையான தொல்லை. காற்றுப்பையின் றப்பர் வெடித்தால் காற்று கசியும். கசிவை ஈடுசெய்யக் காற்றடிக்கும் பொறி ஓயாது உழைத்துப் பழுதாகும். விடியற்காலையில் வண்டி ஒருபுறம் சாய்ந்து அமர்ந்திருக்கும். பலர் அத்தொகுதி முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு, 1970இல் ஸ்பென் கிங் அமைத்தது போன்ற சுருள்வில்லையே மீண்டும் மாட்டினர்.

இத்தகைய செலவுக்கு அஞ்சியே 1990களில் பழைய வண்டிகள் சில நூறு பவுணுக்கு விற்கப்பட்டன. இயந்திரத்தை வேறு வண்டிக்கு எடுத்துக்கொண்டு உடலை உடைத்தவர் பலர். சேற்றுப் பந்தயத்துக்காகக் கூரையை வெட்டியவரும் உளர். முதற் சில ஆண்டுகளின் இரு கதவு வண்டிகள் அவ்வாறே அருகின. அருகியபின் மதிப்பு உயர்ந்தது. 2017இல் கம்பனியே பழைய வண்டிகளைத் தேடி எடுத்து, கழற்றிப் பூட்டிப் புதுப்பித்து விற்கத் தொடங்கிற்று. பாரிஸ் கண்காட்சியில் அது அறிவித்த தொடக்க விலை 135,000 பவுண்.